மரச்சிற்பத்தைத் திரையில் செதுக்கும்போது ஒளியையும் மரத்தன்மையையும் அமைக்கும் முறை

சில ஆண்டுகளுக்கு முன், புதிய வீவக (சிங்கப்பூர் வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக்குக் குடிபோன நண்பர் ஒருவரின் பூசையறை வாசலுக்காக, நடுவில் கஜலட்சுமியும் இருபுறமும் கொடிக்கருக்கும் அமைந்த ஒரு மேற்பலகையை பிளெண்டர் என்னும் முப்பரிமாண மென்பொருளில் செதுக்கிக் கொடுத்தேன். திரையில் ஒவ்வொரு தாமரை இதழும் தனித்தனியே எழுந்து நின்றது. அதைத் துண்டுகளாக முப்பரிமாண அச்சில் எடுத்து, ஒட்டி, மரநிறம் பூசி, வாசலுக்கு மேல் மாட்டிய பிறகு இதழ்கள் எங்கே என்று தேட வேண்டியிருந்தது. அளந்து பார்த்தபோது, இதழுக்கும் இதழுக்கும் இடையிலான பள்ளம் அரை மில்லிமீட்டர்கூட இல்லை. செதுக்கும்போது நான் வைத்திருந்த பளபளப்பான மேட்கேப்பும் (முன்பே வரைந்து வைத்த வெளிச்சத்தை மாதிரியின் மேல் காட்டும் வசதி), விளிம்புகளைக் கருக்கிக் காட்டும் கேவிட்டி வசதியும் சேர்ந்து, இல்லாத ஆழத்தை இருப்பதாகக் காட்டியிருந்தன.

அதற்குப் பிறகு நான் விடாமல் கடைப்பிடித்துவரும் முறையை இங்கே எழுதுகிறேன். செதுக்குவதற்கான ஒளி வேறு, மரமாகக் காட்டுவதற்கான ஒளி வேறு என்பதே அதன் அடிப்படை. முதலாவது, வடிவத்தின் குறைகளை ஒளிக்காமல் காட்ட வேண்டும். இரண்டாவது, சிற்பம் கடைசியில் எந்த இடத்தில் இருக்கப்போகிறதோ அந்த இடத்தின் வெளிச்சத்தைப் போல இருக்க வேண்டும். வடிவம் முடியும்வரை மரத்தின் நிறமும் ரேகையும் திரைக்கு வரவே கூடாது. எடுத்துக்காட்டாக அதே மேற்பலகையையே, 90 சென்டிமீட்டர் நீளமும் 25 சென்டிமீட்டர் உயரமும் கொண்டதாக வைத்துக்கொள்வோம். அமைப்புகளின் பெயர்கள் பிளெண்டர் 4.0க்குப் பிந்தைய பதிப்புகளில் உள்ளபடி தரப்பட்டுள்ளன.

சாய்வொளியை முதலில் கையால் பழகுங்கள்

கணினியைத் திறக்கும் முன் வீட்டில் இருக்கும் மரப்பொருள் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மரத்தில் குடைந்த பல்லாங்குழிப் பலகை இருந்தால் அதுவே மிகவும் பொருத்தம். அறையை இருட்டாக்கி, கைபேசியின் விளக்கைப் பலகைக்கு நேர்மேலே பிடியுங்கள். குழிகள் வட்டமான கறைகளைப் போலத்தான் தெரியும். விளக்கைப் பக்கவாட்டில் கொண்டுவந்து, மேசையைத் தொடுமளவுக்குத் தாழ்த்துங்கள். ஒவ்வொரு குழியும் பாதி நிழலாகி, அதன் ஆழமும், விளிம்பின் கோணலும், உளி நழுவிய கீறலும் சேர்ந்து வெளிப்படும்.

இதன் கணக்கு எளியது. விளிம்பின் உயரத்தை, ஒளி பரப்போடு கொள்ளும் கோணத்தின் டேன்ஜெண்டால் வகுத்தால் நிழலின் நீளம் கிடைக்கும். 5 மில்லிமீட்டர் உயரமுள்ள ஓர் இதழ், 70 பாகையில் விழும் ஒளியில் 2 மில்லிமீட்டருக்கும் குறைவான நிழலையே தரும். 45 பாகையில் 5 மில்லிமீட்டர். 15 பாகையில் ஏறத்தாழ 19 மில்லிமீட்டர். ஆகவே பின்புலத்திலிருந்து சற்றே எழும் தாழ்புடைப்புச் சிற்பத்தை ஆராய 10 முதல் 20 பாகை வரையிலான சாய்வொளியே ஏற்றது. ஒளியின் வலிமையைக் கூட்டுவதால் இந்தப் பயன் கிடைக்காது. கோணத்தை மாற்ற வேண்டிய இடத்தில் பிரகாசத்தைக் கூட்டுவதுதான் புதிதாகப் பழகுவோரிடம் நான் அதிகம் காணும் தவறு.

சிங்கப்பூரில் இருப்பவர்களுக்கு இதைப் பெரிய அளவில் பார்க்கவும் ஓர் இடம் உண்டு. சவுத் பிரிட்ஜ் சாலையில், 1827ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட ஸ்ரீ மாரியம்மன் கோயிலின் கோபுரத்தை மேகமில்லாத நாளில் பகல் 1 மணியளவில் பாருங்கள். நாம் நிலநடுக்கோட்டிலிருந்து ஒரு பாகை அளவே வடக்கே இருப்பதாலும், நம் கடிகாரம் சூரிய நேரத்தைவிட ஏறத்தாழ ஒரு மணி நேரம் முன்னதாக ஓடுவதாலும், அந்த வேளையில்தான் சூரியன் உச்சியை ஒட்டி நிற்கும். உச்சி வெயில், கிடைமட்டமான தரைக்கு நேர் ஒளி. செங்குத்தான சுவருக்கோ மேலிருந்து வழியும் சாய்வொளி. சுதைச் சிற்பங்களின் கைகளுக்கும் ஆயுதங்களுக்கும் கீழே நிழல்கள் நீளமாகத் தொங்குவதைக் காண்பீர்கள். ஒரு மேகம் கடந்தால் போதும், அதே உருவங்கள் தட்டையாகிவிடும். சுதையானாலும் மரமானாலும் ஒளியின் கணக்கு ஒன்றே.

செதுக்கும் வேளையின் அமைப்பு

பிளெண்டரில் சாலிட் காட்சியைத் தேர்ந்தெடுத்து, அதன் ஒளிப் பட்டியலில் மேட்கேப்புக்குப் பதிலாக ஸ்டூடியோவை வையுங்கள். நிறப் பிரிவில் ஒற்றை நிறத்தைத் தேர்ந்து, வெளிறாத, கருக்காத நடுத்தரச் சாம்பல் நிறத்தைக் கொடுங்கள். வெளிறிய நிறத்தில் மேடுகளின் நுட்பமும், கரிய நிறத்தில் பள்ளங்களின் நுட்பமும் காணாமல் போகும். அடுத்து, உலகு சார்ந்த ஒளி என்ற பொருளில் உருண்டைச் சின்னத்துடன் இருக்கும் பொத்தானை அழுத்துங்கள். அதை அழுத்தாவிட்டால் விளக்கு உங்கள் பார்வையோடு சேர்ந்து சுற்றிக்கொண்டே இருக்கும். மாதிரியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தும் ஒரே பக்கத்து வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டிருப்பீர்கள். அழுத்திவிட்டால் ஒளி பலகையோடு நிலைத்து நிற்கும். சுழற்சி அளவை நகர்த்தி அதை வேண்டிய திசைக்குக் கொண்டுவரலாம்.

ஆயத்தமாக உள்ள ஸ்டூடியோ ஒளிகள் பல திசைகளிலிருந்தும் வெளிச்சத்தை நிரப்பி எல்லாவற்றையும் அழகாக்கிவிடுகின்றன. செதுக்குபவருக்கு அந்த அழகு தேவையில்லை. முன்விருப்ப அமைப்புகளின் லைட்ஸ் பகுதியில் நான்கு விளக்குகளையும் தனித்தனியே மாற்ற முடியும். இரண்டை அணைத்துவிடுங்கள். முதல் விளக்கை இடப்புற மேல் மூலையிலிருந்து, பலகையின் பரப்பை உரசிக்கொண்டு வருமாறு தாழ்த்தி வைத்து, அதன் ஸ்மூத் அளவை மிகவும் குறையுங்கள், விளிம்புகள் கூர்மையாகும். இரண்டாவது விளக்கை எதிர்ப்புறத்தில், முதலாவதன் ஐந்தில் ஒரு பங்கு வெளிச்சத்தோடு வையுங்கள். நிழலுக்குள்ளும் வடிவம் தெரிய வேண்டும் என்பதற்காகவே அது. பொது வெளிச்சத்தை ஏறத்தாழ அணைத்துவிட்டு, இதைப் புதிய ஸ்டூடியோ ஒளியாகச் சேமித்துக்கொள்ளுங்கள். பிறகு சாலிட் காட்சியின் விருப்பங்களில் ஷேடோவை இயக்கி, அதன் திசையையும் முதல் விளக்கின் திசைக்கு ஒத்ததாக மாற்றுங்கள். இந்த நிழல்தான், மேலே சொன்ன கணக்கின்படி ஆழத்தைக் காட்டும் அளவுகோல்.

ஒரு திசை மட்டும் போதாது. ஒளியின் திசைக்கு இணையாக ஓடும் விளிம்பு நிழலே தராது; ஆகவே இடப்புற ஒளியில் கொடியின் கிடைத்தண்டு மறைந்து, அதன் இலைகள் மட்டும் தெரியும். கால் மணி நேரத்துக்கு ஒருமுறை ஒளியை 90 பாகை சுழற்றிப் பாருங்கள். மரத்தில் செதுக்குவோர் வேலையின் இடையே பலகையைத் திருப்பி வைத்துப் பார்ப்பது இதற்காகத்தான். நாம் பலகையைத் திருப்பாமல் விளக்கைத் திருப்புகிறோம். ஆனால் கீழிருந்து வரும் ஒளியில் நெடுநேரம் வேலை செய்யாதீர்கள். வெளிச்சம் மேலிருந்தே வருகிறது என்று நம் கண் எடுத்துக்கொள்வதால், கீழ் ஒளியில் பள்ளம் மேடாகவும் மேடு பள்ளமாகவும் தோன்றத் தொடங்கும். அந்த மயக்கத்தில் தூரிகையை எதிர்த்திசையில் இழுத்துவிட்டு, அரை மணி நேர வேலையை நான் இழந்திருக்கிறேன்.

மேட்கேப்பை அறவே விலக்கச் சொல்லவில்லை. அது உருண்டை ஒன்றின் மேல் முன்பே வரைந்து வைத்த வெளிச்சம். காட்சியில் நீங்கள் வைக்கும் எந்த விளக்கும் அதைத் தொடாது, பரப்பு எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதை மட்டுமே அது காட்டும். யானையின் நெற்றியும் துதிக்கையும் போன்ற பெரிய வளைவுகள் நெளியாமல் ஓடுகின்றனவா என்று சோதிக்க, பளபளப்பான மேட்கேப்பைச் சில நிமிடம் வைத்து மாதிரியை மெதுவாகச் சுழற்றுங்கள். ஒளிக்கோடு உடையும் இடத்தில் பரப்பும் நெளிந்திருக்கிறது. குறித்துக்கொண்டு மீண்டும் ஸ்டூடியோவுக்கு வந்து திருத்துங்கள்.

கேவிட்டியைப் பொறுத்தவரை என் விதி கண்டிப்பானது. மேடுகளின் விளிம்பை வெளுக்கவும் பள்ளங்களைக் கருக்கவும் செய்யும் இந்த வசதி, விட்டுப்போன இடங்களைத் தேட உதவும். ஆனால் ஆழத்தைத் தீர்மானிக்கும்போது அது அணைந்தே இருக்க வேண்டும். அச்சில் எடுத்த பொருளுக்கும் உளியால் குடைந்த மரத்துக்கும் கேவிட்டி கிடையாது. நிழல் மட்டும் உள்ள காட்சியில், கை நீட்டும் தூரத்திலிருந்து பார்த்து இதழ் தெரியவில்லை என்றால், பள்ளத்தை ஆழமாக்க வேண்டும்.

நீங்கள் உட்கார்ந்திருக்கும் அறையும் இதில் சேரும். திரையின் நிறத்தை மாலையில் மஞ்சளாக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். மேற்கு பார்த்த சன்னலுக்கு எதிரே திரை இருந்தால் மாலை 5 மணிக்கு மேல் நிழல்களின் நுட்பம் எதுவும் தெரியாது. திரைச்சீலையை இழுத்துவிட்டு, திரைக்குப் பின்புறம் ஒரு மங்கலான வெள்ளை விளக்கை வைத்துக்கொள்வது நல்லது.

மரத்தை உள்ளிருந்து அமைப்பது

வடிவம் முடிந்த பிறகே மரம். இங்கே பலரும் மரத்தின் ஒளிப்படம் ஒன்றை எடுத்து மாதிரியின் மேல் போர்த்துகிறார்கள். போர்த்திய மரம், மரத்தாள் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் போலத்தான் தோன்றும், ஏனென்றால் செதுக்கிய மரத்தில் ரேகை பரப்பின் மேல் இருப்பதில்லை. அது கட்டை முழுவதும் ஊடுருவி இருக்கிறது. உளி எவ்வளவு ஆழம் போகிறதோ அதற்கேற்ப வளையங்கள் வெட்டுப்பட்டு, யானையின் வயிற்றில் வட்டங்களாகவும், தட்டையான பின்புலத்தில் நீண்ட கோடுகளாகவும், பலகையின் முனையில் வளைவுகளாகவும் தெரிகின்றன. இதற்குக் கனவளவில் இயங்கும் நிரல்வழி அமைப்புதான் (படமின்றிக் கணக்கீட்டால் உருவாவது) வழி. அதற்கு இன்னொரு நன்மையும் உண்டு: கண்ட்ரோலுடன் ஆர் விசையை அழுத்தி வாக்சல் ரீமெஷ் செய்தால் (மாதிரியின் கண்ணியைப் புதிதாகப் பின்னுவது) படத்தைப் பரப்பில் பொருத்தும் யூவி விரிப்பு அழிந்துவிடும், கன அமைப்போ யூவியைச் சார்ந்ததே அல்ல.

முதலில் மாதிரியின் ஸ்கேல் அளவை அப்ளை செய்துவிடுங்கள். ஓர் அலகு ஒரு மீட்டர் என்று இருக்கட்டும். மெட்டீரியலின் கணுக்களில் (நோடுகளில்) டெக்ஸ்ச்சர் கோஆர்டினேட்டின் ஆப்ஜெக்ட் வெளியீட்டை மேப்பிங் வழியாக வேவ் டெக்ஸ்ச்சருக்குக் கொடுத்து, அதில் ரிங்ஸ் வகையையும், வளையங்களின் அச்சாகப் பலகை நீளும் திசையையும் தேர்ந்தெடுங்கள். மேற்பலகை பெரும்பாலும் நார் நீளவாக்கில் ஓடுமாறு அறுக்கப்படுவதால் அந்த அச்சு எக்ஸ் ஆக இருக்கும். வேவ் டெக்ஸ்ச்சரின் ஸ்கேல் 1 என்றால் வளையங்களுக்கு இடையே ஏறத்தாழ 31 சென்டிமீட்டர் இடைவெளி வரும். 60 என்றால் 5 மில்லிமீட்டரை ஒட்டி வரும். முன்னதை வைத்துக்கொண்டு ரேகை தெரியவில்லை என்று பலர் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். பிறகு மேப்பிங்கில், எக்ஸ் தவிர்த்த ஏதேனும் ஓர் அச்சில் 20 அல்லது 30 சென்டிமீட்டர் தள்ளி, வளையங்களின் மையத்தைப் பலகைக்கு வெளியே கொண்டுபோங்கள். மரத்தின் நடுத்தண்டு உள்ள கட்டை உலரும்போது வெடிக்கும் என்பதால் செதுக்குவோர் அதைத் தவிர்ப்பார்கள். உங்கள் பலகையிலும் அது இருக்க வேண்டாம். டிஸ்டார்ஷனை 1 முதல் 3க்குள் வைத்தால் வளையங்கள் இயல்பாக நெளியும்.

நாருக்கு இரண்டாவதாக ஒரு நாய்ஸ் டெக்ஸ்ச்சர் வேண்டும். அதற்குத் தனி மேப்பிங் வைத்து, எக்ஸ் அளவை 1 ஆகவும் மற்ற இரண்டையும் 30 ஆகவும் கொடுத்தால், புள்ளிகள் நீளவாக்கில் இழுபட்டு நாராகிவிடும். இந்த நாரையும் வளையத்தையும் கலந்து கலர் ரேம்ப் வழியாக நிறமாக்குங்கள்.

எந்த மரம் என்பதை இந்த இடத்தில் முடிவு செய்ய வேண்டும். தேக்கு, வறண்ட காலத்தில் இலையுதிர்த்து மழையில் மீண்டும் தழைக்கும் மரமாதலால் அதில் ஆண்டு வளையங்கள் தெளிவாகத் தெரியும். ஆண்டு முழுவதும் மழை பெய்யும் நம் வட்டாரக் காடுகளின் மரங்கள் பலவற்றில் அத்தகைய தெளிவான வளையங்கள் இருப்பதில்லை. அவற்றுக்கு வளையத்தின் பங்கைப் பெரிதும் குறைத்து நாரை மட்டும் கூட்டுங்கள். எந்த மரமானாலும் ரேகையின் கரும்பகுதிக்கும் வெண்பகுதிக்கும் உள்ள வேறுபாட்டை, முதலில் தோன்றும் அளவில் பாதியாக்கிவிடுங்கள் என்பதே என் அறிவுரை. வரிக்குதிரையைப் போல ரேகை ஓடும் கட்டையில் கஜலட்சுமியின் முகம் தெரியாது. நுண்ணிய வேலைக்கு நெருக்கமான, அமைதியான ரேகையுள்ள கட்டையைத் தேர்ந்தெடுப்பதே செதுக்குவோர் வழக்கம்.

பரப்பின் தன்மையைத் தீர்மானிக்கும் பிரின்சிபிள்ட் பிஎஸ்டிஎஃப் அமைப்பில் மெட்டாலிக் (உலோகத்தன்மை) சுழியாகவும் ஐஓஆர் (ஒளிவிலகல் எண்) 1.5 ஆகவும் இருக்கட்டும். இனி மரத்தை மரமாக்குவது ரஃப்னெஸ் என்னும் சொரசொரப்பு அளவுதான். உளி பட்டு மெருகிடாத மரத்துக்கு 0.7 முதல் 0.8, மெழுகு தேய்த்ததற்கு 0.45 அளவில், வார்னிஷ் பூசியதற்கு அடியில் 0.5 வைத்து மேற்பூச்சுக்கான கோட் வெயிட்டை 1 ஆக்கி, கோட்டின் ரஃப்னெஸை 0.15 அளவில் வையுங்கள். எண்ணைவிட முக்கியம், அது இடத்துக்கு இடம் மாறுவது. கேம்பல் லேனில் உள்ள இந்திய மரபுடைமை நிலையத்தில் செட்டிநாட்டு மரவாசல் ஒன்று காட்சிக்கு உள்ளது. அதன் முன் நின்று இடமும் வலமுமாக மெல்ல நகர்ந்து, எந்த இடத்தில் மினுக்கு உங்களோடு நகர்கிறது, எந்த இடத்தில் மரம் ஒளியை விழுங்கிவிடுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரம் திரையில் எண்களை மாற்றுவதைவிட அது அதிகம் கற்றுத்தரும். ஆளோட்டமுள்ள வாசல்நிலையில் கை படும் உயரம் மெருகேறியிருக்கும். மேற்பலகை கைக்கு எட்டாது. அங்கே மெருகுக்குப் பதில் தூசிதான் படியும். ஜியாமெட்ரியின் நார்மலைப் பிரித்து, மேல்நோக்கிய இசட் மதிப்பு உயர்ந்த இடங்களில் மட்டும் ரஃப்னெஸை 0.9க்கு ஏற்றி, நிறத்தையும் சற்றே சாம்பலாக்கினால் யானையின் முதுகிலும் இதழ்களின் மேல் விளிம்பிலும் தூசி தானே படியும். பள்ளங்களில் படிந்த விளக்குப் புகைக்கு, இடுக்குகளைக் கண்டறியும் ஆம்பியண்ட் அக்லூஷன் கணுவைப் பயன்படுத்தலாம். அளவோடு போதும், மிகுந்தால் அதுவும் கேவிட்டியைப் போல ஆழத்தைப் பொய்யாகக் காட்டும்.

நாரின் மேடுபள்ளத்துக்கான பம்ப் கணுவில் டிஸ்டன்ஸ் 0.001க்கு மேல் போக வேண்டாம், ஸ்ட்ரெங்த் 0.2 போதும்.

காட்டும் ஒளி

பூசையறை மேற்பலகையை யாரும் நேர் எதிரே நின்று பார்ப்பதில்லை. பலகையின் நடு 2.3 மீட்டர் உயரத்திலும், பார்ப்பவரின் கண் 1.6 மீட்டர் உயரத்திலும், இடைத்தூரம் ஒன்றரை மீட்டராகவும் இருந்தால், பார்வை ஏறத்தாழ 25 பாகை மேல்நோக்கிச் செல்கிறது. கேமராவை அங்கேயே வையுங்கள். வெளிச்சமும் அவ்வாறே: கூரை விளக்கு பலகையை மேலிருந்து உரசும்; வெள்ளை ஓடு பதித்த தரையிலிருந்து மெல்லிய வெளிச்சம் கீழிருந்து எழும்; விளக்கேற்றினால் தாழ்விலிருந்து ஒரு சிறிய சுடரொளி.

கூரை விளக்குக்கு 60 சென்டிமீட்டர் சதுர ஏரியா விளக்கைப் பலகைக்கு முன்னும் மேலுமாக வையுங்கள். பிளெண்டரின் வாட் என்பது வெளிப்படும் ஒளியாற்றலின் அளவு. பல்பின் பெட்டியில் அச்சிட்டிருக்கும் மின்செலவு அன்று. ஆகவே 30 வாட்டில் தொடங்கி, கண்ணால் பார்த்துக் கூட்டுங்கள், குறையுங்கள். விளக்கின் அளவைக் கூட்டினால் நிழல் மென்மையாகும். பாதியாக்கினால் இதழ்கள் கூர்மையாகும். தரையைத் தனி விளக்காக வைப்பதைவிட, வெளிர்நிறத் தளம் ஒன்றைக் கீழே வைத்து, எதிரொளியையும் கணக்கிடும் சைக்கிள்ஸில் ரெண்டர் செய்தால் எதிரொளி தானாகவே வரும். சுடருக்கு ஒரு சென்டிமீட்டர் ஆரமுள்ள பாயிண்ட் விளக்கைத் தாழ வைத்து, பிளாக்பாடி கணுவில் 1900 கெல்வின் கொடுங்கள். கூரை விளக்குக்கு 4000. கீழ் ஒளி மிகுந்தால் முன்பு சொன்ன மேடுபள்ள மயக்கம் இங்கேயும் வரும் என்பதால், சுடர் கூரை விளக்கின் கால் பங்கைத் தாண்டக் கூடாது.

சுற்றுப்புற வெளிச்சத்தைப் பதிந்து வைத்த ஆயத்த எச்டிஆர்ஐ படங்களை நான் சரிபார்க்க மட்டுமே பயன்படுத்துகிறேன். சுற்றிலுமிருந்து வரும் வெளிச்சம் தாழ்புடைப்பைத் தட்டையாக்கிவிடுகிறது. நிற மேலாண்மையில், ரெண்டரின் நிறங்களைத் திரைக்கு மாற்றித்தரும் ஏஜிஎக்ஸ் இருந்தால் தேக்கின் செம்மை சற்று வெளிறலாம். அதைச் சரிசெய்ய மர நிறத்தை அடர்த்தியாக்காமல், அதே பகுதியில் உள்ள லுக் பட்டியலில் மாறுபாட்டை ஒரு படி உயர்த்துங்கள்.

சீபிரஷ் என்னும் செதுக்கு மென்பொருளைப் பயன்படுத்துவோருக்கும் இதே முறைதான். அங்கே தொடக்கத்தில் வரும் சிவந்த மெழுகு ஒரு மேட்கேப் என்பதால், விளக்குகளை நகர்த்தியும் எதுவும் மாறாது. பேசிக் மெட்டீரியலுக்கு மாறிய பிறகே லைட் பட்டியல் பயன்படும். ஐபேடில் நோமாட் என்னும் செதுக்கு செயலியைப் பயன்படுத்துவோர் மேட்கேப் நிலையிலிருந்து லிட் நிலைக்கு மாற்றி, சுற்றுப்புற ஒளியைக் குறைத்து, ஒரு விளக்கைத் தாழ வைத்துக்கொள்ளலாம்.

நண்பரின் பலகையை இந்த முறைப்படி மீண்டும் செதுக்கினேன். இதழ்களின் பள்ளம் அரை மில்லிமீட்டரிலிருந்து 3 மில்லிமீட்டரானது. கொடியின் தண்டைப் பின்புலத்திலிருந்து 5 மில்லிமீட்டர் உயர்த்தினேன். கீழிருந்து பார்ப்பவருக்கு லட்சுமியின் முகம் மறையாதிருக்க, பலகையின் மேற்பாதியைச் சில பாகை முன்னோக்கிச் சாய்த்தேன். அச்சுக்கு அனுப்பும் முன், கேவிட்டியும் மரநிறமும் இல்லாத சாம்பல் காட்சியில், 15 பாகைச் சாய்வொளியை நான்கு திசைகளிலும் சுழற்றி, திசைக்கு ஒரு படமாக எடுத்து அவருக்கு அனுப்பினேன். நான்கிலும் இதழ்களை எண்ண முடிகிறது என்று அவர் சொன்ன பிறகுதான் கோப்பு அச்சுக்குப் போனது.